லாடக் காலோடு பத்திரிகை வைக்கப் போனோம்

சேலையூர்க்காரர்களுக்கு வெளிநாடு என்பது தாம்பரம் ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் தொடங்குகிறது. பால், பள்ளிக்கூடம், பல் டாக்டர் எல்லாம் கிழக்குத் தாம்பரத்திலேயே கிடைக்கும்போது மேற்கே எதற்குப் போகவேண்டும் என்று கேட்கிற ரகம் நாங்கள். ஆகவே வண்டலூர், மறைமலை நகர், படப்பை என்று சைக்கிளில் போய்வந்ததை நான் வெளிநாட்டுப் பயணம் என்றே சொல்லிக்கொள்கிறேன். கடைசியாகப் போன கோவளம் எங்கள் பக்கம்தான். ஆனால் கடல் இருப்பதால் அதையும் சேர்த்துவிட்டேன். பாஸ்போர்ட் யாரும் கேட்கவில்லை. மற்றபடி பயணிக்கு உண்டான எல்லா அவமானமும் கிடைத்தது.

காரணம் ஒரு கல்யாணம். பக்கத்து வீட்டு வரதன் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்துகிறவன். நான் மீனம்பாக்கம் பக்கம் ஒரு சரக்கு அலுவலகத்தில் காகிதங்களை இந்த மேசையிலிருந்து அந்த மேசைக்கு நகர்த்துகிறவன். இருபது வருஷ சிநேகம். அவனுடைய ஒரே மகள் நிவேதாவுக்கு வைகாசியில் முகூர்த்தம். சொந்தக்காரர்களுக்கெல்லாம் அவனும் மாலதி அண்ணியும் காரில் போய்ப் பத்திரிகை வைத்துவிட்டார்கள். மிச்சம் இருந்தது சிநேகிதர் பட்டியல். பழைய வாத்தியார்கள், பழைய மாணவர்கள் என்று பன்னிரண்டு வீடு. அதைச் சைக்கிளில் போய்க் கொடுத்தால் என்ன என்று யோசனை சொன்னது நான்தான்.

ஷூவும் என் யோசனைதான். பார்க்காதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். சைக்கிள் ஓட்டத்துக்கென்றே ஒரு ஷூ இருக்கிறது. அடிப்பாகம் பலகை மாதிரி விறைப்பாக இருக்கும். பாதத்தின் முன்பகுதியில், அடியில், முக்கோணமாக ஒரு பிளாஸ்டிக் துண்டு துருத்திக்கொண்டிருக்கும். அதற்குப் பெயர் கிளீட். பெடலில் வைத்து அழுத்தினால் 'டக்' என்று மாட்டிக்கொள்ளும். குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால் கழன்றுகொள்ளும். பெடல் மேல் இருக்கும்வரை நீங்கள் ராஜா. தரையில் இறங்கினால் வாத்து. முன்பாதத்தைத் தூக்கிக்கொண்டு, குதிகாலில் மட்டும் எடை வைத்து, பின்னால் சாய்ந்து சாய்ந்து நடக்கவேண்டும்.

கடைக்காரர் நல்ல மனிதர். "சார், இறங்கி நடக்கிற வேலை இருந்தா அந்த மாடல் எடுத்துக்கங்க. கிளீட் குழிக்குள்ள இருக்கும், சுத்தி ரப்பர் இருக்கும், சாதாரண ஷூ மாதிரி நடக்கலாம்" என்று இன்னொன்றைக் காட்டினார். அது மலையேறுகிறவன் செருப்பு போல மண் நிறத்தில் இருந்தது. இது வெள்ளை வெளேரென்று, பந்தயக்காரன் ஷூ மாதிரி மின்னியது. ஐம்பத்தோரு வயதில் தொப்பையோடு கண்ணாடி முன் நிற்கிறவன் எதை எடுப்பான்? வெள்ளையைத்தான் எடுத்தேன். வரதனையும் எடுக்கவைத்தேன். பன்னிரண்டு வீட்டு வாசலில் ஏறி இறங்கப் போகிறோம் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

கிளீட்டின் மேல் மாட்டிக்கொள்ள ரப்பர் உறை ஒரு ஜோடி இருந்தது. நடக்கும்போது வழுக்காது, கிளீட்டும் தேயாது என்றார் கடைக்காரர். நான் வேண்டாம் என்றேன். வரதன் வாங்கிக்கொண்டான். அவன் வகுப்பில் முப்பது வருஷமாக உராய்வு பாடம் நடத்துகிறவன்.

முதல் நாள், சனிக்கிழமை, விடிந்தும் விடியாமலும் கிளம்பினோம். சித்திரை வெயில் ஏறுவதற்குள் மறைமலை நகர் போய்ச் சேர வேண்டும் என்று திட்டம். பத்திரிகைகளையும் குங்குமச் சிமிழையும் ஒரு துணிப்பையில் போட்டு வரதன் முதுகில் மாட்டிவிட்டாள் அண்ணி. "ரெண்டு பேரும் ஷூவோட நின்னுண்டு பத்திரிகை கொடுத்துடாதீங்கோ. எத்தனை வீடானாலும் கழட்டிட்டுத்தான் கொடுக்கணும்" என்று சொல்லி அனுப்பினாள். சொன்னபடி செய்தோம். அதுதான் வேடிக்கை. கடைசிவரை சொன்னபடிதான் செய்தோம்.

பெருங்களத்தூர் சிக்னலில் சிவப்பு விழுந்தது. நான் நின்றேன். சைக்கிளும் நின்றது. காலை வெளியே எடுக்கவேண்டும் என்பது மட்டும் நினைவுக்கு வரவில்லை. மரம் சாய்வது போல நிதானமாக, மரியாதையாக, இடப்பக்கம் சாய்ந்தேன். சாய்கிற அந்த மூன்று வினாடியில் என் குலதெய்வம், என் அம்மா, என் ஆயுள் காப்பீட்டு ஏஜெண்ட் மூன்று பேரையும் கூப்பிட்டேன். விழுந்து முடித்ததும் கால் தானாகவே கழன்றுகொண்டது.

பக்கத்தில் நின்ற ஷேர் ஆட்டோக்காரர் தலையை வெளியே நீட்டினார். "இன்னா சார், சிக்னல்லயே படுத்துக்கினியா? பச்ச வுழுந்துட்ச்சு, எய்ந்திரு."

ஆட்டோ முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். என் சுபாவம் அப்படி. பயந்துவிட்டால் உடனே ஒரு ஜோக் அடித்தாக வேண்டும். என் மேல் அடித்துக்கொண்டால் நல்லது. பெரும்பாலும் பக்கத்தில் இருக்கிறவன் மேல் விழும்.

வண்டலூரில் மிருகக்காட்சிசாலை தாண்டி ஒரு கடையில் இட்லியும் வடகறியும். எங்கள் கிழக்குப் பக்கத்து வடகறி கெட்டியாக, கண்ணியமாக இருக்கும். இங்கே அது குழம்பாக ஓடி, இலையின் எல்லையைத் தாண்டி, சட்டையில் குடியேறியது. ஆனால் ருசி. கடைக்குள் நடந்துபோன சத்தத்துக்கு எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். டீ மாஸ்டர் டம்ளரை ஆற்றியபடியே பக்கத்து ஆளிடம் சொன்னார்: "பாரு, லாடம் கட்டிகினு வந்துகீறாங்க."

வரதன் மட்டும் வாசலிலேயே நின்று, சைக்கிள் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முதுகுப் பையிலிருந்து ரப்பர் உறைகளை எடுத்து ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டிருந்தான். தரையில் யாரோ தண்ணீர் கொட்டியிருந்தார்கள். "குமாரு, நீயும் பாத்து வா. கிளீட் வெறும் பிளாஸ்டிக். கட்டை விரல் அகலம்தான் தரையில படறது. நடுவுல தண்ணி இருந்தா பிடிமானமே கிடையாது. குதிகால்ல எடையை வை, சின்னச் சின்ன அடியா வை, படி இருந்தா பக்கவாட்டுல இறங்கு" என்று பாடம் எடுத்தான்.

கடை முழுக்க எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. சற்றுமுன் சிக்னலில் விழுந்த அவமானம் எனக்கு இன்னும் காயவில்லை.

"அண்ணே, கொஞ்சம் பொறுங்க. எங்க சார் ஷூவுக்கு ஜட்டி போட்டுக்கிட்டிருக்கார்" என்றேன்.

கடை அதிர்ந்தது. டீ மாஸ்டர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். வரதனும் சிரித்தான். காது மட்டும் சிவந்தது. ஐம்பத்து மூன்று வயது வாத்தியாருக்குக் காது சிவப்பதை நான் பார்த்தேன். பார்த்தும் அந்த வார்த்தையை விடவில்லை.

கூடுவாஞ்சேரி தாண்டி என் பின் சக்கரத்தில் காற்று இறங்கியது. பஞ்சர் ஒட்டுகிற கடை ஒரு கிலோமீட்டர் தள்ளி என்றார்கள். அந்த ஒரு கிலோமீட்டரை நான் நடந்ததை ஜிஎஸ்டி சாலை மறந்திருக்காது. ஒவ்வொரு அடிக்கும் கணுக்கால் ஒரு திசையில் போனது. கிளீட்டுக்குள் ஜல்லிக்கல் ஏறிக்கொண்டது. லாரி ஹாரன் அடித்தபோதெல்லாம் பயத்தில் குதித்தேன், குதித்ததில் வழுக்கினேன், வழுக்கியதில் சைக்கிளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். வரதன் உறையை மாட்டிக்கொண்டு, சைக்கிளை உருட்டிக்கொண்டு, பூங்காவில் நடக்கிறவன் போல முன்னால் போனான். பாதி வழியில் நின்று, "ஒரு உறையை நீ போட்டுக்கோ, ஒண்ணை நான் போட்டுக்கறேன்" என்றான்.

வாங்கிப் போட்டிருக்கலாம். எனக்குப் பொறாமை. "உன் ஜட்டியை நான் போடறதா?" என்றேன். பஞ்சர் கடைக்காரரிடமும் சொன்னேன். அங்கே டியூபுக்குக் காத்திருந்த இரண்டு பேரிடமும் சொன்னேன். ஒரு ஜோக் எடுபட்டுவிட்டால் அதைத் தேயும்வரை ஓட்டுகிறவன் நான்.

மறைமலை நகரில் நான்கு வீடு. ஒவ்வொரு வீட்டிலும் வாசலில் உட்கார்ந்து, பட்டையைத் தளர்த்தி, ஷூவைக் கழற்றி, வியர்த்த சாக்ஸோடு உள்ளே போய், குங்குமம் கொடுத்துப் பத்திரிகை வைத்தோம். எல்லா வீட்டிலும் கேசரி. ஒரே நாளில் நான்கு கேசரி சாப்பிட்ட உடம்பு சைக்கிளில் ஏறும்போது ஆட்சேபம் தெரிவிக்கும். கார் தொழிற்சாலை பஸ்களிலிருந்து ஷிப்ட் முடிந்து இறங்கியவர்கள் எங்கள் வெள்ளை ஷூக்களை மேலும் கீழும் பார்த்தார்கள். அவர்கள் காலில் இரும்பு முனை வைத்த பாதுகாப்பு ஷூ. வேலைக்குத் தகுந்த ஷூ போட்டவர்கள் அந்தச் சாலையில் அவர்கள்தான்.

மதியம் ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் உட்கார்ந்து தக்காளி சாதப் பொட்டலத்தைப் பிரித்தோம். அப்போதுதான் வரதன் சொன்னான். அவர்கள் வழக்கத்தில், தாலி கட்டும்போது பெண் அப்பாவின் மடியில் உட்கார்ந்திருப்பாள்.

"சத்திரம், சாப்பாடு, போட்டோ எல்லாம் யார் யாரோ பாத்துக்கறா. எனக்குன்னு அந்தக் கல்யாணத்துல இருக்கறது அந்த அஞ்சு நிமிஷம்தான். அவ ஒன்பதாவது படிக்கறப்போ என் மடில உட்கார்றதை நிறுத்தினா. இன்னொரு தடவை உட்காரப்போறா. அவ்வளவுதான், அப்புறம் கிடையாது."

சொல்லிவிட்டுத் தொடையைத் தட்டிக் காட்டினான். "அதுக்காகத்தான் சைக்கிளே ஓட்ட ஆரம்பிச்சேன். காலு பலமா இருக்கணுமே. அவ என்ன சின்னக் குழந்தையா?"

இதற்கும் ஒரு ஜோக் சொன்னேன். என்ன என்று இப்போது நினைவில்லை. நினைவில்லாததே நல்லது.

திரும்பும் வழியில் ஊரப்பாக்கத்தில் மோர் குடிக்க இறங்கினோம். வரதன் உறையை எடுக்கவில்லை. என்னைப் போலவே டக் டக் என்று வாத்து நடை நடந்து வந்தான். "என்ன, ஜட்டி எங்கே?" என்றேன். "வேண்டாம்டா, இதுவே பழகிடும்" என்றான். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

இரண்டாம் நாள், ஞாயிறு. முடிச்சூர் வழியாகப் படப்பை. இந்தச் சாலை எங்கள் தேசத்துச் சாலை போல இல்லை. ஒரு பக்கம் ஏரி, ஒரு பக்கம் மனைப் பிரிவு விளம்பரம், நடுவில் ஒரகடம் போகிற கண்டெய்னர் லாரிகள். மண்ணிவாக்கம் தாண்டி ஒருவர் நுங்கு வெட்டிக்கொண்டிருந்தார். ஆளுக்கு ஆறு கண். அவர் எங்கள் காலைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. தன் செருப்பைப் பார்த்துக்கொண்டார். அதுவே போதுமானதாக இருந்தது.

படப்பையில் முதல் வீடு தணிகாசலம் சாருடையது. வரதனுக்கு முன்னால் அதே பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வுபெற்றவர். மகன் புதிதாகக் கட்டிக்கொடுத்த வீடு. கேட்டிலிருந்து வாசல்படி வரை போர்டிகோ முழுக்கக் கறுப்பு கிரானைட், முகம் பார்க்கலாம். நாங்கள் வருகிறோம் என்று தெரிந்து, அவர் மனைவி அப்போதுதான் குழாய் வைத்துக் கழுவிவிட்டிருக்கிறார். விருந்தாளி வருகிறார்கள் என்றால் வாசலைக் கழுவுகிற ஊர் இது.

சார் வாசல்படியில் நின்று இரண்டு கையையும் நீட்டினார். "வாங்க வாங்க, பரவால்ல, ஷூவோடயே வாங்க."

நம் ஊரில் எல்லாரும் சொல்கிற வார்த்தைதான். யாரும் அதை நம்பி ஷூவோடு உள்ளே போவதில்லை. ஆனால் கேட்டிலேயே கழற்றுவதும் கிடையாது. கழற்றுகிற இடம் வாசல்படி. அதுவரை ஷூவோடு போகவேண்டும், அங்கே கழற்ற வேண்டும். கேட்டிலேயே கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலோடு போர்டிகோவைக் கடந்தால், பார்க்கிறவர்களுக்கு ஒரு மாதிரி இருக்கும் என்று நமக்குத் தோன்றும். கேட்டுக்கும் படிக்கும் நடுவில் பத்தடி.

வரதன் கேட்டில் நின்றான். ஈரத் தரையைப் பார்த்தான். அவன் கை முதுகுப் பைக்குப் போனது. பையின் ஓரத்தில் உறை இருக்கிற இடம் எனக்குத் தெரியும். கையை அங்கே வைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"சார் முன்னாடியே ஜட்டி போடப்போறியா?" என்றேன், அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

அவன் கையை எடுத்துவிட்டான்.

மூன்று அடி வைத்தான். நான்காவது அடியில் இடது கால் முன்னால் ஓடிப்போக, வலது முழங்கால் நேராகக் கிரானைட்டில் மோதியது. தேங்காய் உடைகிற சத்தம். பை திறந்து பத்திரிகைகள் தண்ணீரில் சிதறின. சிமிழ் உருண்டது.

கறுப்புத் தரையில் செக்கச் செவேலென்று ஓடியதைப் பார்த்ததும் எனக்கு உலகம் நின்றுவிட்டது. "ரத்தம், ரத்தம்" என்று கத்திக்கொண்டு ஓடினேன். எந்த ஷூவோடு ஓடினேன் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. இரண்டாவது அடியில் பின்புறம் தரையில் பட்டு, உட்கார்ந்த வாக்கிலேயே வழுக்கிக்கொண்டு போய், வரதனைத் தாண்டி, துளசி மாடத்தில் கால் உதைத்து நின்றேன். அந்த நிலையிலேயே செல்போனை எடுத்து என் மனைவியைக் கூப்பிட்டு, வரதனுக்கு நிறைய ரத்தம் போகிறது என்று அழுதேன். சார் குனிந்து, விரலால் தொட்டுப் பார்த்து, "தம்பி, இது குங்குமம்" என்றார்.

அது குங்குமம்தான். ஆனால் வரதன் எழுந்திருக்கவில்லை. முகம் வெளுத்து, முழங்காலை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, "பத்திரிகையை எடுடா, நனையறது" என்றான்.

ஆட்டோ வந்தது. சாரும் நானும் அவனைத் தூக்கினோம். தூக்குவதற்கு முன் நான் என் ஷூவைக் கழற்றி எறிந்தேன். வெறுங்காலில் அந்த ஈரக் கிரானைட் எங்கேயும் வழுக்கவில்லை. ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்து, எங்கே விழுந்தார் என்று கேட்டார். சொன்னேன். "தரை ஈரமா கீதுன்னா கழட்டிட்டு நடக்க வேண்டியதுதான சார்" என்றார்.

முழங்கால் சில்லு இரண்டாக உடைந்திருந்தது. கம்பி வைத்துக் கட்டினார்கள். ஆறு வாரம் கால் மடங்கக்கூடாது, நீட்டியபடியே பட்டையில் இருக்கவேண்டும், எடை ஏதும் தாங்கக்கூடாது என்றார் டாக்டர். முகூர்த்தத்துக்கு நான்கு வாரம்தான் இருந்தது. வரதன் தேதியை இரண்டு முறை எண்ணிப் பார்த்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அவன் ஒரே பதில்தான் சொன்னான்: கவனக்குறைவு, வழுக்கிவிட்டது. அண்ணியிடமும் அதுதான், நிவேதாவிடமும் அதுதான். கட்டிலுக்கு அந்தப் பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவன் அன்று கேட்டில் என்ன சொன்னான் என்பதை யாரிடமும் சொல்லவில்லை. ஆரஞ்சு உரித்துக்கொண்டே அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். சொல்லிவிடேன் என்று ஒருநாள் உள்ளே ஒருவன் குடைந்தான். நான் அவனிடமும் ஒரு ஜோக் சொல்லி அனுப்பிவிட்டேன்.

மூன்றாம் நாள் என்று நான் சொல்வது இரண்டு வாரம் கழித்து. படப்பை வீடுகளுக்குச் சாரே தொலைபேசியில் சொல்லிவிட்டார். மிச்சம் கோவளம். அங்கே வரதனின் பழைய மாணவி ஒருத்தி. இப்போது வங்கியில் வேலை. அவள் அம்மா அமுதா, மீன் விற்கிறவர். மகளுக்குக் கட்டணம் வாங்காமல் வீட்டில் பாடம் சொல்லிக்கொடுத்த சாரின் பெண் கல்யாணம், நேரில் வந்து சொன்னால்தான் வருவேன் என்றிருந்தாராம். "நீ போய்ட்டு வாடா" என்றான் வரதன். ஆஸ்பத்திரியில் கொடுத்தனுப்பிய பிளாஸ்டிக் பையை அண்ணி என்னிடம் நீட்டினாள். சைக்கிள் சாமான் ஏதோ இருக்கு என்றாள். உள்ளே ரப்பர் உறை ஜோடி.

மேடவாக்கம், சோழிங்கநல்லூர், பிறகு கடற்கரைச் சாலை. இறங்கின இடத்திலெல்லாம் உறையை மாட்டினேன். மாட்டுவதற்கு ஒரு காலுக்குப் பத்து வினாடி ஆகிறது. நான் எண்ணிப் பார்த்தேன். ஒரு டீக்கடையில் நின்ற பையன்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அப்படி ஒன்றும் உயிரை எடுக்கவில்லை. முழங்கால் சில்லை நிச்சயம் உடைக்காது.

மீன் இறங்குகிற இடம் முழுக்க ஈரம், செதில், ஐஸ் தண்ணீர். உறையோடு கூட நான் தடுமாறினேன். அமுதா அக்கா தூரத்திலிருந்தே பார்த்துவிட்டார். "சார், அத கழட்டி கைல எட்துகினு வா. ஒண்ணும் ஆவாது, காலக் கழுவிக்கலாம்."

கழற்றி இரண்டு ஷூவையும் கையில் தூக்கிக்கொண்டு நடந்தேன். வழுக்கவில்லை. குங்குமம் கொடுத்துப் பத்திரிகை வைத்தேன். சார் ஏன் வரவில்லை என்று கேட்டார். வழுக்கி விழுந்துட்டார் என்று ஆரம்பித்தேன். கடல் சத்தமாக இருந்ததாலோ, இனிமேல் அவரை அடிக்கடி பார்க்கப்போவதில்லை என்பதாலோ, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஜட்டி வரைக்கும்.

அக்கா முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். பக்கத்துக் கூடைக்காரிக்கும் சொல்லிச் சிரித்தார். பிறகு கத்தியைத் துடைத்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இத சார் கைல சொன்னியா?"

"அவனுக்குத் தெரியுமே."

"அவர்க்கு தெரியும். நீ சொன்னியா?"

நெத்திலிக் குழம்பும் சோறும் போட்டார். அவ்வளவு நல்ல குழம்பை அவ்வளவு மெதுவாக நான் சாப்பிட்டதில்லை.

முகூர்த்த நாள் காலை. சத்திரம் சேலையூரிலேயே. எங்கள் தேசம்தான். ஆனால் உள்ளே போவதற்கு எனக்குத்தான் யாராவது விசா தரவேண்டியிருந்தது. மடி விஷயம் இரண்டு வாரமாக வீட்டில் பேசப்பட்டு முடிந்திருந்தது. பெரியப்பா மடியில் உட்கார வைக்கலாம் என்றார்கள். நிவேதாதான் டாக்டரிடம் தனியாகப் போய்ப் பேசி, சாஸ்திரிகளிடமும் பேசி, அப்பாவை நாற்காலியில் உட்காரவைத்து, கட்டுப்போட்ட காலை முக்காலி மேல் நீட்டிவைத்து, தான் மறு தொடையில் உட்கார்ந்துகொள்வதாக ஏற்பாடு செய்தாள்.

காரிலிருந்து வரதனை இறக்கினேன். இரண்டு கக்கத்திலும் ஊன்றுகோல். சத்திரத்துத் தரையை அப்போதுதான் துடைத்திருந்தார்கள். நான் என் அங்கவஸ்திரத்தைக் கழற்றி அவனுக்கு முன்னால் குனிந்து குனிந்து துடைத்துக்கொண்டே போனேன். நாலடி போனதும் நிமிர்ந்தேன்.

"வரதா, அன்னிக்கு கேட்டுல நான் அப்படிச் சொல்லாம இருந்திருந்தா நீ அதைப் போட்டிருப்பே."

அவன் நின்றான். என்னைப் பார்க்கவில்லை. ஒரு ஊன்றுகோலைத் தூக்கி, அதன் அடியில் இருந்த ரப்பர் முனையை எனக்குக் காட்டினான்.

"பாத்தியா? இதுக்கும் ஜட்டி போட்டுத்தான் விட்டிருக்கா."

சுற்றி இருந்தவர்கள் எதற்கென்று புரியாமலே சிரித்தார்கள். என் ஜோக். என்னால் சிரிக்க முடியவில்லை. அவன் ஊன்றுகோலை இறக்கி, மெல்ல அடுத்த அடியை வைத்தான். பின்னங்கழுத்து வியர்த்திருந்தது.

மேடையில் எனக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். நீட்டிய கால் வைத்த முக்காலி நகராமல் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆகவே எல்லாரும் மேலே பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் கீழே, முழங்கால் உயரத்தில், தரையோடு தரையாகக் குந்தியிருந்தேன். முகூர்த்த நேரம் வந்தது. நிவேதா பட்டுப்புடவையைக் கூட்டிப் பிடித்துக்கொண்டு அப்பாவின் மடியில் உட்கார்ந்தாள்.

உட்காரவில்லை. என் கண்ணுக்கு நேரே அவளுடைய இரண்டு பாதமும் இருந்தன. மருதாணி போட்ட விரல்கள் மேடைப் பலகையை அழுத்திப் பிடித்திருந்தன. புடவை ஓரம் விலகி, பின்னங்கால் சதை முறுக்கேறி வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது. தன் எடை முழுவதையும் தன் காலிலேயே வைத்துக்கொண்டு, அப்பாவின் தொடைக்கும் தனக்கும் நடுவில் ஒரு விரல் இடம் விட்டு, அரைவாசி நின்றுகொண்டிருந்தாள். மந்திரம் நீண்டது. கெட்டிமேளம், மூன்று முடிச்சு, என் தலையில் அட்சதை. நாத்தனார் விளக்கு. போட்டோக்காரர் இன்னொரு தடவை சிரிக்கச் சொன்னார். நடுக்கம் தொடைவரை ஏறியது.

எல்லாம் முடிந்து அவளை எழுப்பினார்கள். மாப்பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு அடி நொண்டி, பிறகு நேராக நடந்தாள்.

வரதன் குனிந்து என் தோளைத் தொட்டான். கண் நிறைந்திருந்தது. முகம் முழுக்கப் பெருமை.

"பாத்தியாடா, கனமே தெரியலை. பூ மாதிரி உட்கார்ந்திருந்தா."

"ஆமா" என்றேன். முக்காலியை இன்னும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தேன்.